ஆட்டம் நின்றால் யார்மீது கோபம்?

கூலியைப் பற்றிய பேச்சு எங்கே நடந்தாலும் அங்கே இரு தரப்பினரே இருப்பதாகப் பொதுவாக எண்ணுகிறோம். கொடுப்பவர் ஒரு தரப்பு. பெறுபவர் மறு தரப்பு. ஆனால் மூன்றாவது தரப்பும் ஒன்று உண்டு. உழைப்பின் பயனை விலைகொடுத்து வாங்கும் பொதுமக்களே அத்தரப்பினர். பேச்சு நடக்கும் அறைக்குள் அவர்களுக்கு நாற்காலி இல்லை; உடன்படிக்கையில் அவர்கள் கையொப்பம் இடுவதுமில்லை. எனினும் அவர்களுடைய மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே தராசுத் தட்டு தாழ்கிறது. இந்த மூன்றாம் தரப்பின் நீதியுணர்ச்சி எத்தகையது, அது எங்கே தவறுகிறது, அதைத் திருத்த வழி உண்டா என்பவற்றை ஆராய்வது கைத்தறியையும் கழனியையும் நம்பி வாழும் நமக்குப் பயனற்ற வேலை ஆகாது.

சொந்த ஊர்ச் சச்சரவில் நடுநிலை காண்பது கடினம். ஆகவே நமக்கு எவ்விதத் தொடர்புமற்ற ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெறும் தொழில்முறைக் கால்பந்தாட்டமே அது. கால்பந்து என்று பெயரே தவிர, முட்டை வடிவான பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே அவ்வாட்டம். 1920-இல் ஓஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில் தோன்றிய ஓர் அமைப்பு, 1922 முதல் நேஷனல் புட்பால் லீக் என்ற பெயருடன் அதை நடத்திவருகிறது. இன்று அதில் 32 அணிகள் உள்ளன. ஆட்டக்காரர்கள் 1956-இல் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். அன்றுமுதல் முதலாளிகளுக்கும் சங்கத்துக்கும் இடையே பல வேலைநிறுத்தங்களும் கதவடைப்புகளும் நிகழ்ந்துள்ளன. ஒவ்வொரு முறையும் கோடிக்கணக்கான ரசிகர்கள் தீர்ப்புக் கூறியிருக்கிறார்கள். அத்தீர்ப்புகளே நமது ஆராய்ச்சிக்குப் பொருள்.

இரு நகரங்களின் தீர்ப்பு

1982-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் 57 நாள் நீடித்தது. 16 ஆட்டங்கள் நடைபெற வேண்டிய பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 9 ஆட்டங்களே மிஞ்சின. லீக்கின் மொத்த வருமானத்தில் 55 விழுக்காடு ஆட்டக்காரருக்கு வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை. அது கிட்டவில்லை. ஆயினும் முதலாளிகள் ஒரு பாடம் கற்றனர். ஆட்டம் நின்றால் நுழைவுக் கட்டணமும் தொலைக்காட்சிப் பணமும் நின்றுவிடும். ஆகையால் இனி ஆட்டக்காரர் நின்றாலும் ஆட்டம் நிற்கலாகாது என்று முடிவு செய்தனர்.

1987 செப்டம்பரில் ஆட்டக்காரர்கள் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தனர். இம்முறை அவர்கள் முதன்மையாகக் கேட்டது பணமன்று. ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்டக்காரன் தன் விருப்பப்படி வேறோர் அணிக்குச் சென்று உழைக்கும் உரிமையையே கேட்டனர். அதற்கு முந்திய நிலையில், ஒருவனைப் பிற அணி எடுத்துக்கொண்டால் பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும். அந்த ஈட்டுக்கு அஞ்சி எவரும் பிறர் அணி ஆளைத் தொடுவதில்லை. ஒரே வியாபாரியிடம் கடன்பட்டு, நூலும் அவனிடமே பெற்று, துணியையும் அவனிடமே போட்டாக வேண்டிய நெசவாளனின் நிலையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

முதலாளிகள் ஒரு வார ஆட்டங்களை மட்டும் ரத்து செய்தனர். அதன்பின் வெளியிலிருந்து மாற்று ஆட்களைத் திரட்டி, அதே சட்டையையும் அதே தலைக்கவசத்தையும் அணிவித்து, மூன்று வாரம் ஆட்டம் நடத்தினர். அவ்வாட்டங்களின் வெற்றி தோல்வியும் பருவக் கணக்கிலேயே சேர்க்கப்பட்டது. இப்போது ரசிகன் தீர்ப்புக் கூறியாக வேண்டும். சீட்டை வாங்கி உள்ளே செல்வதா, வேண்டாமா?

அக்டோபர் 4-ஆம் நாள் பிலடெல்பியா நகரில், சிகாகோ அணியை எதிர்த்து நடந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 4,074 பேரே. அந்நகரம் தொழிற்சங்கங்கள் வேரூன்றிய நகரம். வண்டியோட்டிகள் தங்கள் லாரிகளுடன் வந்து அரங்கைச் சுற்றி நின்றனர். அதே மாதம் 19-ஆம் நாள் இரவு டல்லஸ் அணி தன் சொந்த அரங்கில் வாஷிங்டன் அணியைச் சந்தித்தது. அங்கே 60,000 பேருக்குமேல் கூடினர். இரண்டு இடத்திலும் நடந்தது ஒரே வழக்கு. வாதி, பிரதிவாதிகளும் அவர்களே. தீர்ப்பு மட்டும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஓர் ஊர் ரசிகன் தன்னை உழைப்பாளியாக நினைத்துக்கொண்டு வெளியே நின்றான். மற்றோர் ஊர் ரசிகன் தன்னைச் சீட்டு வாங்கியவனாக மட்டும் நினைத்துக்கொண்டு உள்ளே சென்றான்.

தொலைக்காட்சியில் பார்த்தோர் தொகையும் குறைந்தது உண்மை. ஆனால் அரங்கங்கள் வெறிச்சோடிய அளவுக்குக் குறையவில்லை. வீட்டில் அமர்ந்து பார்ப்பவனை மறியல் செய்வார் எவருமில்லை அன்றோ! சங்கத்திடம் வேலைநிறுத்தத்தைத் தாங்கும் நிதியும் இல்லை. புகழ்பெற்ற ஆட்டக்காரர் சிலரே மறியல் கோட்டைத் தாண்டி உள்ளே சென்றனர். 24-ஆம் நாள், உடன்படிக்கை எதுவும் இன்றியே, சங்கம் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டது. குறித்த கெடுவுக்குள் திரும்பவில்லை என்று கூறி, முதலாளிகள் அவ்வார ஆட்டத்திலும் அவர்களைச் சேர்க்காமல், அவ்வாரச் சம்பளத்தையும் மறுத்தனர்.

மறியலில் தோற்ற வழக்கு நீதிமன்றத்தில் வென்றது என்பது பின்கதை. 1992-இல் மினியாபொலிஸ் நகரில் கூடிய ஜூரி ஆட்டக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. 1993-இல் ஏற்பட்ட சமரசத்தால் அணி மாறும் உரிமை கிடைத்தது. அதற்கு ஈடாக, ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடும் தொகைக்கு 1994 முதல் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அந்த உரிமைக்காக 1987-இல் சம்பளம் இழந்தவர்களுள் பலர், அது கிடைத்தபோது ஆட்டத்தை விட்டே போய்விட்டனர். மரம் வைத்தவர் ஒருவர். கனி உண்டவர் வேறொருவர்.

முகம் தெரிந்தவன்மீது கோபம்

இத்தகைய தகராறு எழும்போதெல்லாம் ரசிகர்களிடையே வழங்கும் பேச்சு ஒன்று உண்டு. "இது கோடீஸ்வரர்களுக்கும் அவர்களைவிடப் பெரிய கோடீஸ்வரர்களுக்கும் நடக்கும் சண்டை, நமக்கென்ன? ஆட்டம் நடந்தால் போதும்" என்பதே அது. கேட்பதற்கு நடுநிலைபோல் தோன்றும் இப்பேச்சு, நடைமுறையில் ஒரு பக்கத்துக்கே துணை செய்கிறது. விரைவில் ஆட்டம் நடக்க வேண்டும் என்ற அவசரம், காத்திருக்க வசதியுள்ளவனுக்குத்தான் ஆயுதமாகும். முதலாளியின் உடைமை முப்பது ஆண்டுக்குப் பின்னும் அவன் கையில் இருக்கும். ஆட்டக்காரனின் உடைமையோ அவனுடைய உடல். அவ்வுடல் அரங்கில் எத்தனை ஆண்டு நிலைக்கும்? சராசரி 3.3 ஆண்டு என்று சங்கம் சொல்லிவந்தது. பருவத் தொடக்கத்தில் அணியில் இடம்பெற்றவரை மட்டும் கணக்கிட்டால் ஏறத்தாழ 6 ஆண்டு என்று லீக் மறுத்துரைத்தது. லீக்கின் கணக்கையே மெய்யென்று கொள்வோம். ஆறு பருவமே பயிர் செய்யக்கூடிய நிலத்தில் ஒரு பருவத்தை இழப்பவனும், நூறு பருவம் பயிரிடக்கூடிய நிலத்தில் ஒன்றை இழப்பவனும் ஒரே நிலையில் பேரம் பேச முடியுமா?

அவ்வாறிருக்க, ரசிகனின் கோபம் ஏன் ஆட்டக்காரன்மீதே பாய்கிறது? எனக்கு மூன்று காரணங்கள் புலப்படுகின்றன.

முதலாவது, ஆட்டக்காரனின் சம்பளம் பத்திரிகையில் வெளிவருகிறது. முதலாளியின் லாபம் வெளிவருவதில்லை. தெரிந்த எண் கண்ணை உறுத்துகிறது. தெரியாத எண்ணின்மீது எவருக்கும் பொறாமை எழுவதில்லை. புடவையின் விலை ஏறியதும் "நெசவுக் கூலி ஏறிவிட்டதாம்" என்று கடையில் சொல்லக் கேட்டிருக்கிறோம். நூல் விலையும் சாய விலையும் இடைத்தரகரின் ஆதாயமும் அவ்வளவு எளிதாக வாயில் வருவதில்லை.

இரண்டாவது, ரசிகனின் அன்பு சட்டையின்மீதே ஒழிய, அதை அணிந்த மனிதன்மீது அன்று. மனிதன் போவான், வருவான். சட்டையின் நிறம் மாறாது. அந்தச் சட்டைக்கு உரியவர் முதலாளி. ஆகவே ஊர்ப்பற்று எனும் உயரிய உணர்ச்சி தன்னையறியாமலே உடைமையாளனின் கணக்கில் வரவாகிவிடுகிறது.

மூன்றாவது, விளையாட்டை வேலை என்று ஒப்புக்கொள்ள ரசிகனின் மனம் இசைவதில்லை. "எனக்கு வாய்ப்புக் கொடுத்தால் காசு வாங்காமலே ஆடுவேன்" என்கிறான். பலமுறை தலையில் மோதுண்டு, பிற்காலத்தில் நினைவிழந்து தவிக்கும் முன்னாள் ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில், 2013-இல் லீக் 765 மில்லியன் டாலர் தருவதாக முதலில் ஒப்புக்கொண்டது. பின்னர் அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டு, 2015-இல் நீதிமன்றம் சமரசத்தை ஏற்றது. இலவசமாக ஆட முன்வரும் ரசிகன் இந்தப் பக்கத்தையும் படித்துவிட்டுப் பேசுவது நலம்.

மற்றொரு மயக்கமும் உண்டு. ஆட்டக்காரர் சம்பளம் உயர்வதால்தான் நுழைவுக் கட்டணம் உயர்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மை இதற்கு மாறானது. 1994-க்குப்பின், சம்பளத்துக்கான மொத்தத் தொகை லீக்கின் வருமானத்தில் ஒரு பங்காகவே நிர்ணயிக்கப்படுகிறது. 2020-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி அப்பங்கு ஏறத்தாழ 48 விழுக்காடு. முதலில் வருமானம், அதன்பின்னரே சம்பளம். ஆட்டக்காரர் பங்கைக் குறைத்தாலும் கட்டணம் ஒரு காசும் குறையாது. கொடுக்கத் தயாரான கூட்டம் வாயிலில் நிற்கும்வரை கட்டணம் அந்த அளவிலேயே நிற்கும். குறைத்த பங்கு மற்றொரு பையில் விழும்; அவ்வளவே.

கணக்கைக் காட்டுங்கள்

2011-இல் முதலாளிகளே கதவை அடைத்தனர். நடப்பிலிருந்த உடன்படிக்கையை முன்கூட்டியே முடித்துக்கொள்வதென்று 2008 மே மாதத்தில் அவர்கள் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தனர். லீக்கின் ஆண்டு வருமானம் அப்போது ஏறத்தாழ 9 பில்லியன் டாலர். பங்கிடுமுன் செலவுக்கென்று ஏற்கனவே 1 பில்லியனுக்குமேல் எடுத்துவந்தவர்கள், மேலும் 1 பில்லியன் எடுக்க வேண்டும் என்று கோரினர். செலவு பெருகிவிட்டது என்பது அவர்கள் கூறிய காரணம்.

சங்கத்தின் மறுமொழி சுருக்கமானது: "பத்தாண்டுக்குத் தணிக்கை செய்யப்பட்ட கணக்கைக் காட்டுங்கள்." முதலாளிகள் முழுக் கணக்கையும் காட்ட இசையவில்லை. மார்ச்சில் தொடங்கிய கதவடைப்பு ஜூலை 25 வரை நீடித்தது. ஆட்டமே நடவாவிடினும் கைக்கு வரக்கூடிய 4 பில்லியன் டாலர் தொலைக்காட்சிப் பணத்தை முதலாளிகள் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்தனர் என்பதும், அது உடன்படிக்கைக்கு விரோதம் என்பதும் அவ்வாண்டு மார்ச்சில் ஒரு நீதிபதியின் தீர்ப்பால் வெளிப்பட்டன. எதிரி பட்டினி கிடக்கும்வரை காத்திருக்கத் தானியக் களஞ்சியத்தை நிரப்பிவிட்டுப் பேச வருவது பேரமன்று, முற்றுகை.

இங்கேதான் நமது கவனத்தைப் பெரிதும் கவரும் ஒரு சிற்றூரின் கதை குறுக்கிடுகிறது. விஸ்கான்ஸின் மாநிலத்துக் கிரீன் பே ஊரின் மக்கள்தொகை, 2020 கணக்கின்படி ஒரு லட்சத்து ஏழாயிரத்துச் சொச்சம். பெருநகரங்களின் அணிகளுக்கிடையே இவ்வூரின் பேக்கர்ஸ் அணி 1919 முதல் நிலைத்து நிற்கிறது. காரணம், அதற்குத் தனி முதலாளி இல்லை. 1923-இல் பங்கு ஒன்று 5 டாலராக ஊர்மக்களுக்கு விற்கப்பட்டது. 1935, 1950, 1997, 2011, 2021 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் பங்குகள் வெளியிடப்பட்டன. கடைசி முறை பங்கின் விலை 300 டாலர். இன்று பங்குதாரர் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர். அப்பங்குக்கு லாப ஈவு கிடையாது; ஆட்டச் சீட்டில் சலுகை கிடையாது; சந்தையில் விற்கவும் இயலாது. எவரும் 2 லட்சம் பங்குக்குமேல் வைத்திருக்கலாகாது. ஆண்டுதோறும் பங்குதாரர் கூடுகின்றனர். வரவுசெலவு அவர்கள்முன் வைக்கப்படுகிறது. இது முழுமையான கூட்டுறவுச் சங்கம் என்று சொல்வதற்கில்லை. ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற நமது நெறி அங்கில்லை. ஆயினும் நமக்கு உறவுமுறை உடையதே என்பதில் ஐயமில்லை. இத்தகைய உடைமை முறையை மற்ற அணிகள் பின்பற்ற லீக்கின் இன்றைய விதிகள் இடந்தருவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

2011 கதவடைப்பின்போது 32 அணிகளுள் இவ்வொரு அணியின் கணக்கேடு மட்டுமே உலகறியத் திறந்து கிடந்தது. 2010 மார்ச்சில் முடிந்த ஆண்டில் அதன் நடைமுறை லாபம் 20.1 மில்லியன் டாலரிலிருந்து 9.8 மில்லியனாகக் குறைந்திருந்தது. "பாருங்கள், எங்கள் துயரத்தை!" என்று முதலாளிகள் இவ்வெண்ணைச் சுட்டிக்காட்டினர். ஊருக்கு உரிய ஓர் அணியின் நேர்மையான கணக்கை, கணக்குக் காட்டாத 31 அணிகளும் சாட்சியாக அழைத்தன! தம் ஏட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு அண்டை வீட்டான் ஏட்டைப் படித்துக் காட்டும் இவ்வாதத்தை ரசிகர்கள் எள்ளி நகையாடியிருக்க வேண்டும். பெரும்பாலோர் அதைக் கவனிக்கவே இல்லை. ஆட்டம் எப்போது தொடங்கும் என்பதொன்றே அவர்கள் கவலையாயிருந்தது.

முடிவில் பத்தாண்டு உடன்படிக்கை ஏற்பட்டது. பத்தாண்டுச் சராசரியில் ஆட்டக்காரரின் பங்கு மொத்த வருமானத்தில் 47 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. பழைய ஆட்டக்காரரின் ஓய்வூதியத்துக்கு 620 மில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டது நற்செயல். ஆயினும் புதிதாக வரும் இளைஞரின் ஊதியம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. 2010-இல் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெற்ற ஒப்பந்தம் 6 ஆண்டுக்கு 78 மில்லியன் டாலர். 2011-இல் அதே இடத்தைப் பெற்றவருக்கு 4 ஆண்டுக்கு 22 மில்லியன். அவ்விளைஞர்கள் அப்போது சங்க உறுப்பினர் அல்லர். பேச்சு மேஜையில் அவர்களுக்கு வாக்கு இல்லை. மேஜையில் இல்லாதவன் இலையிலிருந்துதான் முதலில் பதார்த்தம் எடுக்கப்படும் என்பது முதலாளிக்கு மட்டுமன்றிச் சங்கங்களுக்கும் பொருந்தும் குற்றச்சாட்டு.

நடுவர் இல்லாத மூன்று வாரம்

தன் சுகத்துக்கு இடையூறு நேர்ந்தபோது ரசிகன் எவ்வளவு விரைவில் தொழிலாளியின் நண்பனாகிவிடுகிறான் என்பதற்கு 2012-ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்று. ஆட்ட நடுவர்களுக்கும் லீக்குக்கும் ஓய்வூதியம் பற்றித் தகராறு. லீக் நடுவர்களை வெளியே நிறுத்திவிட்டு, அனுபவம் குறைந்த மாற்று நடுவர்களை அமர்த்தியது. நடுவரின் ஓய்வூதியத்துக்காக உருகிய ரசிகர் வெகு சிலரே. செப்டம்பர் 24-ஆம் நாள் இரவு சியாட்டில் நகரில் கிரீன் பே அணியின் ஆட்டம் நடந்தது. கடைசி வினாடியில் எறியப்பட்ட பந்தை இரு தரப்பினரும் பற்ற, ஒரு நடுவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் சைகை காட்ட, இறுதியில் சியாட்டில் 14-க்கு 12 என்று வென்றதாக அறிவிக்கப்பட்டது. நாடே கொதித்தெழுந்தது. 26-ஆம் நாள் இரவு உடன்பாடு ஏற்பட்டது. மறுநாள் பால்டிமோர் அரங்கில் நுழைந்த பழைய நடுவர்களை மக்கள் எழுந்து நின்று கைதட்டி வரவேற்றனர்.

இதில் சுவையான செய்தி ஒன்றும் உண்டு. அரசாங்க ஊழியரில் பெரும்பாலோரின் கூட்டுப் பேர உரிமையை 2011-இல் சட்டமியற்றிக் குறுக்கியவர் விஸ்கான்ஸின் மாநில ஆளுநர் ஸ்காட் வாக்கர். அப்போது பேக்கர்ஸ் அணியின் சங்கப் பிரதிநிதியான சார்லஸ் உட்சன் ஊழியர்களை ஆதரித்து அறிக்கை விட்டார். மறு ஆண்டில், தம் மாநில அணி மாற்று நடுவரால் தோற்றதும், உண்மையான நடுவர்களைத் திரும்ப அழையுங்கள் என்று டுவிட்டரில் வேண்டுகோள் விடுத்தவரும் அதே ஆளுநர்தான்! தொழிலாளியின் திறமை எத்தகையது என்பதை அவன் இல்லாதபோது அறிந்துகொண்டவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். அவரை நகைத்துவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. மாற்று ஆட்டக்காரரை 1987-இல் பொறுத்துக்கொண்டு, மாற்று நடுவரை 2012-இல் பொறுக்க மறுத்த ரசிகனின் அளவுகோலும் அதுவே. தனக்கு வந்த நட்டத்தை அளந்தானே ஒழிய, அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை அவன் அளக்கவில்லை.

ரசிகன் கேட்க வேண்டியது என்ன?

ஆட்டக்காரர் ஏழைகள் அல்லர் என்பதை மறுப்பதற்கில்லை. 2020-இல் ஓர் அறிமுக ஆட்டக்காரன் பெறும் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 6,10,000 டாலர். தறியடியில் நாள் முழுதும் குனிந்திருப்பவன் அவர்களுக்காகக் கண்ணீர் வடிக்க வேண்டுவதில்லை. ஆனால் கூலிப் பேச்சு என்பது இரக்கத்தைப் பற்றிய பேச்சன்று. பங்கைப் பற்றிய பேச்சு. கிடைத்த விளைச்சலில் விளைவித்தவனுக்கு எத்தனை மரக்கால் என்பதே கேள்வி. விளைச்சல் பெரிதாயிருப்பதால் கேள்வி தவறாகிவிடாது. சம்பளம் பெரிதென்று கருதி அங்கே பங்கின் நியாயத்தைக் கைவிடுபவன், சம்பளம் சிறிதான இடத்திலும் அதைக் கைவிடப் பழகிவிடுகிறான்.

ஆகவே ரசிகன் சமாதானத்தைக் கேட்பதை விட்டுவிட்டுக் கணக்கைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அதைக் கேட்க அவனுக்கு முழு உரிமையும் உண்டு. எப்படியெனில், இவ்வணிகளின் அரங்கங்கள் பல பொதுமக்களின் வரிப்பணத்தில் எழுந்தவை. 2012-இல் இயற்றிய சட்டத்தின்படி மினியாபொலிஸ் அரங்குக்கு மாநிலமும் நகரமும் சேர்ந்து 498 மில்லியன் டாலர் ஏற்றன. லாஸ் வேகாஸ் அரங்குக்கு 2016-இல் 750 மில்லியன் பொதுப்பணம் ஒதுக்கப்பட்டது. கிரீன் பேயிலும் 2000-இல் மக்கள் வாக்களித்து, அரங்கைப் புதுப்பிக்க அரை விழுக்காடு விற்பனை வரியை ஏற்று, 2015 வரை செலுத்தினர். பிந்தியவர்கள் தங்களுக்குக் கணக்குக் காட்டும் அணிக்குக் கொடுத்தார்கள். முந்தியவர்கள் கணக்குக் காட்டாத தனியாருக்குக் கொடுத்தார்கள். "வரிப்பணம் வேண்டுமாயின் தணிக்கைக் கணக்கு வெளியிடப்பட வேண்டும்" என்று அரங்க ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் செய்வது வாக்காளனான ரசிகனுக்கு இயலாத காரியமன்று. அவ்வரி இருந்தால், அடுத்த தகராறில் எவர் சொல் மெய் என்பதை ஊகத்தால் அல்லாமல் எண்ணால் அறியலாம்.

ஆட்டக்காரரிடமும் ஒரு நன்மை காண்கிறோம். 2020 மார்ச்சில், பருவத்துக்கு 17 ஆட்டம் என்ற ஏற்பாட்டை உள்ளடக்கிய உடன்படிக்கையை உறுப்பினர்களின் வாக்குக்கு விட்டனர். ஆதரவு 1,019, எதிர்ப்பு 959. அறுபது வாக்கு வித்தியாசத்தில் தங்கள் உடலின் உழைப்பைத் தாங்களே நிர்ணயித்துக்கொண்டனர். முடிவு சரியா தவறா என்பது வேறு. முடிவு செய்தவர் யார் என்பது தெளிவு.

நமக்கு நேரே ஒரு கேள்வி

இதுவரை படித்த அன்பர்கள், "ஆகா, மக்களே உடைமையாளரான கிரீன் பே வாழ்க!" என்று மகிழ்ந்து நூலை மடித்துவிடக் கூடாது. கசப்பான உண்மை ஒன்று மிஞ்சி நிற்கிறது. 2008-இல் உடன்படிக்கையை முறிக்க முதலாளிகள் ஒருமனதாகத் தீர்மானித்தபோது கிரீன் பேயும் அவர்களுடன் சேர்ந்தே கைதூக்கியது. 2011 பிப்ரவரி 6-ஆம் நாள் தமக்குச் சாம்பியன் பட்டம் பெற்றுத் தந்த ஆட்டக்காரர்களை, அடுத்த மாதமே ஊருக்குச் சொந்தமான அவ்வணியும் மற்றவர்களைப் போலவே வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. லட்சக்கணக்கான பங்குதாரரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. அவர்களும் கேட்கவில்லையே என்று வருந்தியதாகத் தெரியவில்லை. அவ்வாண்டு இறுதியில் 250 டாலர் கொடுத்துப் புதுப் பங்குகளை ஆர்வத்துடன் வாங்கினர்.

இதிலிருந்து அறிவது யாது? உடைமை பலர் கைக்கு வந்துவிட்டதாலேயே நீதி வந்துவிடுவதில்லை. பங்குப் பத்திரத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுபவன் உறுப்பினன் ஆகான். பேரவையில் எழுந்து கேள்வி கேட்பவனே உறுப்பினன். நமது சங்கங்களில் நாம் உழைப்பாளர். அதே சமயம் உடைமையாளர். சங்கத்தில் பாவு ஓட்டுபவர், சாயம் போடுபவர், மூட்டை தூக்குபவர், கணக்கு எழுதுபவர் ஆகியோருள் பலர் பங்குதாரர் அல்லர். நம்மிடம் கூலிக்கு வருபவர்கள். அவர்கள் கூலி உயர்வு கேட்டு வரும் நாளில் நாம் எந்த நாற்காலியில் அமர்கிறோம்? வேலை நின்றுவிட்டதே என்று எரிச்சல் கொள்ளும் ரசிகனாகவா, ஏட்டைப் பூட்டும் முதலாளியாகவா? அல்லது "இதோ வரவு, இதோ செலவு, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஏட்டை அவர்கள் முன்னும் விரித்து வைக்கும் கூட்டுறவாளராகவா?

கைதட்டுவது எளிது, கணக்குக் கேட்பது கடினம், கேட்டவர்க்குக் கணக்குக் காட்டுவது அதனினும் கடினம். அடுத்த பேரவைக்கு வரும் உறுப்பினர் ஒவ்வொருவரும் நிகழ்ச்சி நிரலில் கூலி பற்றிய பக்கத்தை முதலில் புரட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.